சரக்குக்கு முன்னால் சேதி



உரம், விதை, பூச்சி மருந்து என்று இந்த நேரத்தில் பேசுவது வழக்கம். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. விளைந்து, பறித்து, கூடையில் அடுக்கின பிறகு நடக்கிற சமாசாரம் ஒன்றைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். சரக்கு போகிற பாதையைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். ரோடு சரியில்லை, லாரி வாடகை ஏறிப்போச்சு, சாக்குக்குத் தட்டுப்பாடு என்கிறோம். ஆனால் அந்தச் சரக்கைப் பற்றிய சேதி எந்தப் பாதையில் போகிறது, எத்தனை நாளில் போகிறது, யார் கையில் போய் நிற்கிறது என்று யாரும் விசாரிப்பதில்லை. நானும் ரொம்ப நாள் விசாரிக்காதவன்தான்.

எங்கள் அப்பா கிணற்றுப் பாசனத்தில் தக்காளி போட்டவர். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும்போது ஒரு நாள் கூடை ஏற்றின வண்டியில் அவரோடு சந்தைக்குப் போனேன். மண்டிக்காரர் கூடையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “மதராஸ்லேருந்து இப்பத்தான் ட்ரங்க் கால் வந்துச்சு அண்ணே. விலை விழுந்துபோச்சு. இஷ்டம்னா போடுங்க, இல்லேன்னா ஓட்டிக்கிட்டுப் போங்க” என்றார். பழுத்த தக்காளியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு எங்கே போவது? அப்பா சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தார். வண்டிச் சத்தமும் பறிகூலியும் போக மிஞ்சினது ஒன்றுமில்லை. அந்தச் சந்தையில் டெலிபோன் இருந்தது அந்த மண்டி ஒன்றில்தான். ட்ரங்க் கால் நிஜமாகவே வந்ததா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. மணி அடித்ததை நானும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை.

மண்டிக்காரர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல வரவில்லை. நிஜத்தையே சொல்லியிருக்கலாம். நிஜமா பொய்யா என்று பார்க்க எங்களுக்கு வழி இல்லை. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

இது நம்ம ஊரில் மட்டும் நடந்த கதையல்ல. பருத்தியை எடுத்துக்கொள்வோம். நூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் விளைந்த பருத்தி நியூயார்க் வழியாகக் கப்பலேறி இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகத்துக்குப் போகும். மான்செஸ்டர் ஆலைகளுக்கு அங்கிருந்துதான் பஞ்சு. லிவர்பூலில் இன்று என்ன விலை என்பது நியூயார்க் வியாபாரிக்குத் தெரிய வேண்டுமானால், அந்தச் சேதியும் நீராவிக் கப்பலில்தான் வந்தாக வேண்டும். ஏறக்குறையப் பத்து நாள். கடல் கொந்தளித்தால் இன்னும் கூட. அதாவது பத்து நாள் பழசான விலையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் பத்து நாள் கழித்துக் கரை சேரப் போகிற சரக்கை அவர் வாங்க வேண்டும். லிவர்பூலில் பஞ்சு இல்லாமல் விலை ஏறியிருக்கும். இங்கே தெரியாது, அனுப்ப மாட்டார். அங்கே கிடங்கு நிறைந்து வழியும். அதுவும் தெரியாது, இன்னும் அனுப்புவார்.

கடலுக்கடியில் தந்திக் கம்பி போட 1858ல் ஒரு முயற்சி நடந்தது. கம்பி மூன்று வாரம்போல வேலை செய்து செத்துப்போனது. பிறகு 1866 ஜூலையில், ‘கிரேட் ஈஸ்டர்ன்’ என்ற பெரிய கப்பலைக் கொண்டு போட்ட கம்பி நிலைத்தது. நேற்றைய லிவர்பூல் விலை இன்றைக்கு நியூயார்க்கில் தெரிந்தது. கப்பல் வேகமாகிவிடவில்லை, பஞ்சு மூட்டை இலேசாகிவிடவில்லை, கப்பல் கூலியும் குறையவில்லை. சேதி மட்டும் முன்னால் போனது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் வந்த விலைகளையும் கப்பல் கணக்கையும் கிளாடியா ஸ்டைன்வெண்டர் என்ற பொருளாதார ஆராய்ச்சியாளர் நாள்நாளாக எடுத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். இரண்டு ஊர் விலைக்கும் நடுவிலிருந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தக் கம்பியால் மறைந்துபோனது என்கிறார். எந்த வாரம் தேவையோ அந்த வாரம் கூட அனுப்பினார்கள், தேவையில்லாதபோது குறைத்துக்கொண்டார்கள்.

இதற்குச் சற்று முன்னால் நம் நாட்டில் என்ன நடந்தது? 1861லிருந்து 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர். அங்கிருந்து பஞ்சு வரவில்லை. லிவர்பூல் விலை மூன்று நான்கு மடங்கு ஏறியது. பம்பாய் வியாபாரிகள் வீட்டில் பணம் கொட்டியது. நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் கிராக்கி, தூத்துக்குடியில் கப்பலேறியது. போர் எந்த நாள் முடியும் என்பதுதான் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிய வேண்டிய ஒரே சேதி. அது யாருக்கும் தெரியவில்லை. தெரிந்ததுபோல நினைத்துக்கொண்டு பங்குகளை வாங்கிக் குவித்தார்கள். 1865 ஏப்ரலில் தெற்கத்திப் படைத் தளபதி லீ சரணடைந்தார். சில மாதத்துக்குள் பம்பாயில் பெரிய பெரிய வீடுகள் எல்லாம் திவாலாகின. ‘பாம்பே பாங்க்’ என்ற அரசாங்கம் சம்பந்தப்பட்ட வங்கியே பிறகு மூடும்படி ஆயிற்று. பருத்தி விதைத்தவன் கதையை யார் எழுதி வைத்தார்கள்? ஏற்றத்தை நம்பி இன்னும் கொஞ்சம் நிலத்தில் பருத்தி போட்டவனுக்குச் சேதி கடைசியில்தான் வந்திருக்கும்.

1870ல் சூயஸ், ஏடன் வழியாகப் பம்பாய்க்குக் கடலடித் தந்தி வந்து சேர்ந்தது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்றுதானே தோன்றும்? பாதி சரியாயிற்று. ரல்லி, வோல்கார்ட் மாதிரியான வெளிநாட்டுக் கம்பெனிகள் பருத்தி விளைகிற உள்நாட்டு ஊர்களில் ஆள் வைத்து வாங்கினார்கள். லிவர்பூல் விலை அவர்களுக்குத் தந்தியில் வந்துவிடும். தந்திக்கு எண்ணி எண்ணிச் சொல்லுக்குச் சொல் காசு. அதனால் சங்கேதப் புத்தகம் போட்டு வைத்திருந்தார்கள். ஒரே ஒரு சொல்லை அடித்தால், இன்ன விலைக்கு இத்தனை பொதி இன்ன மாதத்துக்குள் என்று முழு வாக்கியமும் அதில் அடங்கும். வெளி ஆளுக்குப் புரியாது என்பதும் அதில் ஒரு சௌகரியம். ஆக, சேதி ஆறாயிரம் மைல் தாண்டி வந்தது. சந்தையில் வண்டியோடு நின்ற குடியானவனுக்கும் கம்பெனி ஏஜென்டுக்கும் நடுவில் இருந்த ஆறு அடியை மட்டும் அது தாண்டவில்லை.

துண்டு போட்டு விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மாட்டுச் சந்தையில் இன்றைக்கும் உண்டு. வாங்குகிறவரும் தரகரும் துண்டுக்கு அடியில் கையைவிட்டு விரலைப் பிடிப்பார்கள். இத்தனை விரல் இத்தனை நூறு. பக்கத்தில் நிற்கிற மாட்டுக்காரருக்குத் தன் மாட்டின் விலையே தெரியாது. பருத்திக்கும் நிலக்கடலைக்கும் தானியத்துக்கும்கூட ஒரு காலத்தில் பல சந்தைகளில் இப்படித்தான் நடந்தது. 1928ல் அறிக்கை கொடுத்த ராயல் விவசாயக் கமிஷன், சந்தையை ஒழுங்குபடுத்தச் சட்டம் வேண்டும் என்றது. சென்னை மாகாணத்தில் 1933ல் வர்த்தகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. அதன்படி முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936ல் திருப்பூரில், பருத்திக்காகத்தான் திறந்தார்கள். சரியான தராசு, ரசீது, எல்லோரும் பார்க்க எழுதிப் போட்ட விலைப் பலகை. இதில் தராசைத்தான் எல்லோரும் பெரிசாகச் சொல்லுவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பலகைதான் பெரிசு என்பேன்.

இனி நம் பக்கத்து மாநிலத்துக் கதை. இது பயிரில்லை, மீன். ஆனாலும் தக்காளிக்காரரும் வெற்றிலைக்காரரும் பூக்காரரும் காது கொடுத்துக் கேட்க வேண்டியது. ஏனென்றால் மீனும் நாளைக்கு ஆகாத சரக்கு.

கேரளத்தின் வடக்குப் பக்கம் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மூன்று மாவட்டமும் கடற்கரை. அங்கே ஏழை வீட்டு மீன் மத்தி. நாம் சாளை என்கிறோம். விடிவதற்கு முன்னால் படகு போகும், காலையில் கரைக்கு வரும், கரையிலேயே ஏலம். சந்தை இரண்டு மூன்று மணி நேரம்தான். சில மைலுக்கு ஒரு சந்தை. ஒருத்தருக்கு அன்று நிறைய மீன் பட்டால் பக்கத்துப் படகுக்கும் நிறையத்தான் பட்டிருக்கும். தன் கரையில் விலை படுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். பத்து மைல் தள்ளியிருக்கிற கரையில் எப்படியோ, அதுதான் தெரியாது. எண்ணெய் செலவு பண்ணி அங்கே போய், அங்கேயும் விலை இல்லையென்றால் திரும்பி வருவதற்குள் இங்கேயும் சந்தை கலைந்துபோகும். அதனால் அநேகமாக எல்லோரும் தங்கள் தங்கள் கரையிலேயே விற்றார்கள்.

ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர், 1996 செப்டம்பரிலிருந்து 2001 மே வரை இந்த மூன்று மாவட்டத்தில் 15 கரைச் சந்தைகளில் ஏறக்குறைய 300 படகுக்காரர்களிடம் வாராவாரம் விசாரித்து எழுதிவைத்தார். அந்தக் கணக்கில் ஒரு நாளை மட்டும் சொல்கிறேன். 1997 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. நம்ம ஊரில் பொங்கல் சமயம். காலை எட்டு மணிபோல வடகரையில் 11 படகுக்காரர்கள் மீனை வாங்க ஆளில்லாமல் நிற்கிறார்கள். விலை கிலோ சைபர். மீனைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். அதே நேரத்தில், வடகரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 15 கிலோமீட்டருக்குள் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் கிலோ பத்து ரூபாய்க்குக் கிட்டத்தில் விலை. கொடுக்கத் தயாராக 27 வியாபாரிகள், மீன் கிடைக்காமல் வெறும் கையோடு திரும்பப் பார்க்கிறார்கள். பதினொரு பேருக்கு ஆள் இல்லை, இருபத்தேழு பேருக்கு மீன் இல்லை. நடுவில் இருந்தது ஒரு மணி நேரப் பயணம். பஞ்சமும் இல்லை, புயலும் இல்லை, கள்ளச் சந்தையும் இல்லை. ஒருத்தர் இருப்பது இன்னொருத்தருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பிடிபட்ட மீனில் நூற்றுக்கு ஐந்திலிருந்து எட்டுப் பங்கு இப்படியே வீணாகிக்கொண்டிருந்தது.

அதே 1997 ஜனவரியில் கோழிக்கோட்டில் செல்போன் கோபுரம் வந்தது. 1998 ஜூலையில் கண்ணூரில், 2000 மே மாதம் காசர்கோட்டில். கோபுரங்கள் கரையோரம் இருந்ததால் கடலுக்குள் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் வரை பேச்சு கேட்கும். மீனவருக்காக யாரும் கோபுரம் போடவில்லை. டவுனில் இருக்கிற பணக்காரர்களுக்காகப் போட்டது. ஆனால் மீன் பிடிக்கிற இடமும் அந்த வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. போன் விலை அன்றைக்கு யானை விலை. இருந்தாலும் நாலைந்து வருஷத்தில் பாதிக்கு மேற்பட்ட படகில் போன் ஏறிவிட்டது. வலையை இழுத்ததும் கடலிலிருந்தே நாலு கரைக்குப் பேசிவிட்டு, எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்தார்கள்.

பலன் என்ன தெரியுமா? கோழிக்கோட்டில் போன் வந்ததும் கோழிக்கோட்டுச் சந்தைகளில் மட்டும் விலை சமனாயிற்று. கண்ணூரும் காசர்கோடும் பழையபடியே. கண்ணூரில் வந்ததும் அங்கே மாறியது. கடைசியில் காசர்கோடு. அதனால் இது வேறு எதனாலோ ஆனது என்று சொல்ல முடியாது. கரைக்குக் கரை ஏழெட்டு ரூபாய் இருந்த வித்தியாசம் ஒன்றரை ரூபாய்க்குள் வந்தது. கொட்டிவிட்டுப் போவது அநேகமாக நின்றே போனது. மீனவரின் லாபம் நூற்றுக்கு எட்டு கூடியது. வாங்கிச் சாப்பிடுகிறவர் கொடுத்த விலையோ நூற்றுக்கு நாலு குறைந்தது. விற்கிறவருக்கும் ஆதாயம், வாங்குகிறவருக்கும் ஆதாயம் என்றால் இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வடகரைக் கரையில் கொட்டின மீனிலிருந்து வந்தது.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் சாதாரணமாக இங்கே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. பின்னாளில் கேரளக் கரைகளில் போய் விசாரித்த வேறு சிலர், கதை இவ்வளவு சுலபமில்லை என்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் முன்பணம் கொடுத்தவர் ஏலத் தரகர். கடன் தீருகிற வரைக்கும் மீனை அவர் கரையில்தான் இறக்க வேண்டும். அப்படிப்பட்டவர் கையில் போன் இருந்து என்ன பிரயோசனம்? பக்கத்துக் கரையில் நல்ல விலை என்று தெரிந்துகொண்டே குறைந்த விலைக்குப் போடுவார். தெரியாமல் போட்டதைவிட இது இன்னும் கொஞ்சம் வயிற்றெரிச்சல். நம்மில் எத்தனை பேர் மண்டியில் முன்பணம் வாங்கிப் பயிர் வைக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். சேதி வந்தால் மட்டும் போதாது. சேதி வரும்போது படகைத் திருப்புகிற உரிமையும் நம்மிடம் இருக்க வேண்டும்.

இன்னொன்று. படகைத் திருப்பலாம், செடியில் காய்த்ததைத் திருப்ப முடியாது. மீனவருக்குக் காலை ஆறு மணிக்குச் சேதி வந்தால் போதும். நமக்கு அது விதைக்கும் முன்னால் வர வேண்டும். போன வருஷம் வெங்காயம் நல்ல விலை போயிற்று என்றால் இந்த வருஷம் அத்தனை பேரும் வெங்காயம். நான் அரை ஏக்கர் கூட்டுகிறேன், அடுத்த தோட்டத்துக்காரரும் கூட்டுகிறார், ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்வதில்லை. எல்லோருக்கும் ஒரே சேதிதான் கிடைத்தது, அதுவும் பழைய சேதி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்னாலேயே விலை இப்படி இருக்கலாம் என்று கணித்து அறிவிக்கிறது. கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் விலையை மட்டும் கேட்காமல், எந்த மாவட்டத்தில் எத்தனை ஏக்கர் விதைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கோயம்பேட்டில் தக்காளி கிலோ அறுபது என்று கேட்டதும் நூறு லாரி கிளம்பினால் மறுநாள் காலை அது பதினைந்து. கொயிலாண்டி வியாபாரியிடம் அந்த மீனவர் விலையை மட்டுமா கேட்டார்? இப்போது உங்க கரையில் எத்தனை படகு நிற்குது என்றும் கேட்டிருப்பார்.

வானொலியைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நன்றாயிருக்காது. 1966 வாக்கில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் தஞ்சாவூர் ஜில்லாவில் பரவினபோது, அதற்கு விவசாயிகள் வைத்த பெயர் ‘ரேடியோ நெல்’. திருச்சி வானொலியில் அதைப் பற்றி அத்தனை தடவை கேட்டார்கள். விதை எங்கே, நாற்று எத்தனை நாள், உரம் எவ்வளவு என்று ஒரே நேரத்தில் ஜில்லா பூராவும் தெரிந்தது. சாகுபடி முறையை இப்படி ஒரு வாய் ஆயிரம் காதுக்குச் சொல்லலாம், நல்லது. விலை அப்படி இல்லை. அதில் பதில் பேசவும் வழி வேண்டும்.

அப்பா கதையை முடித்துவிடுகிறேன். அந்தத் தக்காளி வியாபாரத்துக்கு அப்புறம் அவர் ஒரு காரியம் செய்தார். எங்கள் சித்தப்பா முறை ஒருத்தர் மதராஸில் கொத்தவால்சாவடிப் பக்கம் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். காய்கறி மொத்த வியாபாரம் 1996ல் கோயம்பேட்டுக்குப் போகும் வரை அங்கேதானே. அவருக்கு விலாசம் எழுதின ஒரு கட்டுப் போஸ்டு கார்டை அப்பா அனுப்பிவைத்தார். வாரம் ஒரு கார்டு, அன்றைய தக்காளி விலை, கத்தரி விலை, வேறொன்றும் எழுத வேண்டாம். கார்டு வந்து சேர மூன்று நாள் ஆகும். “மூணு நாள் பழைய விலையை வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப்போறீங்க?” என்று அம்மா சிரிப்பார்கள். அப்பா பதில் சொல்லாமல் கார்டைக் கம்பியில் குத்தி வைப்பார். இரண்டு வருஷம் குத்தின பிறகு அவருக்கு எந்த மாதம் ஏறும், எந்தப் பண்டிகைக்கு எத்தனை நாள் முன்னால் ஏறும், ஆந்திராச் சரக்கு எப்போது வந்து இறங்கும் என்பதெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது. நாற்று விடுகிற தேதியையே மாற்றினார். மண்டிக்காரர் “ட்ரங்க் கால்” என்று ஆரம்பித்தால், போன வருஷம் இதே வாரத்துக் கார்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். அவர் பேசாமல் எட்டணா கூட்டிப் போடுவார். சில தடவை போட மாட்டார்.

அந்தக் கம்பி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மேலே இருக்கிற கடைசிக் கார்டில் சித்தப்பா வழக்கத்துக்கு மாறாக ஒரு வரி கூட எழுதியிருக்கிறார்: “வரத்து ஜாஸ்தி. ரெண்டு நாள் பொறுத்து அனுப்பு.” தபால்காரர் அதைக் கொண்டுவந்து கொடுத்தபோது வண்டி கிளம்பி ஒரு நாள் ஆகியிருந்தது.